பையன்கள் பட்டியலில் கார்னெட்

ஹைஸ்கூல் நுழைவுத் தேர்வு முடிவு பேப்பரில் வந்த காலை, ஐவடீன் மே பென் ஊர்ச் சந்தையில் நின்றபடியே மகள் பெயரைத் தேடினாள். பெண்கள் பட்டியலில் இல்லை. பையன்கள் பட்டியலில் பார்த்தால், கார்னெட் வில்லிஸ்! தகப்பன் பெயரை மகளுக்கு வைத்த வினை, எவனோ ஆண் என்று குறித்துவிட்டான். அதனாலென்ன, ஹைஸ்கூலில் இடம் கிடைத்ததே! சந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

திங்கட்கிழமை மகளோடு பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். கிளார்க்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"பையன் எங்கம்மா?"

"இவதான் கார்னெட்."

"அட ஆண்டவரே! இது பொண்ணாச்சே!"

"பொண்ணுன்னா மார்க்கு குறைஞ்சிடுமா?"

"மார்க்கு குறையாது. இடம் போயிடும். மார்க்கை மட்டும் பாத்தா வகுப்பு முழுக்கப் பாவாடைதான் உக்காந்திருக்கும். அதான் பையனுக்குப் பாதி இடம், பொண்ணுக்குப் பாதி இடம். பையனுக்கு அறுபது போதும், பொண்ணுக்கு எழுபத்திரெண்டு வேணும். உங்க பொண்ணு அறுபத்தொன்பது."

"இது எந்த ஊர் நியாயம்?"

"பையனுங்க தெருவுல திரிஞ்சா நாளைக்கு இவளுங்கள யாரு கட்டுவா? பொண்ணுங்க எப்படியும் பொழைச்சுக்குவாங்கம்மா."

எப்படியும் பிழைத்துக்கொள்வார்களாம்! ஐவடீன் பதினான்கு வயதில் ஊரார் துணியைத் துவைக்கப் போனவள். அப்படிப் பிழைத்ததில் இரண்டு கையும் வெந்து கிடந்ததுதான் மிச்சம். கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கிளார்க்கம்மா பேனாவை எடுத்துப் பெயரை அடித்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழி நெடுக கார்னெட் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் தாய்க்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுவாரம் எதிர்வீட்டு மெர்லீன் ஒரு தட்டு வறுத்த மீனோடு ஓடி வந்தாள்.

"சிஸ்டர் ஐவி, கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டார்! ஏதோ ஒரு இடம் காலியாச்சாம், எங்க பையன் லாசெல்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. ஐம்பத்தொன்பது வாங்கினவன!"

பேப்பரில் பெயர் தப்பாக வந்துவிட்டது என்று மட்டும்தான் ஐவடீன் சந்தில் சொல்லியிருந்தாள். அந்த ஏதோ ஒரு இடம் யாருடையது என்று பாவம், மெர்லீனுக்குத் தெரியாது. ஐவடீன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு உதவி, சிஸ்டர். அவனுக்குக் கணக்குன்னா வேப்பங்காய். கார்னெட் சாயங்காலத்துல சொல்லித் தரட்டுமே. இந்தச் சந்துல அவளை விட்டா கெட்டிக்காரி யாரு?"

ஐவடீனுக்கு ரத்தம் கொதித்தது. தட்டை அவள் மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போல இருந்தது. வாயைத் திறப்பதற்குள் கார்னெட் உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"தர்றேன் ஆன்ட்டி. ஆனா கணக்கு மட்டும் வேணாம். ஸ்கூல்ல குடுக்கற எல்லாப் புத்தகத்தையும் தினம் கொண்டாரச் சொல்லுங்க."

மெர்லீன் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஐவடீன் மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்கு ரோஷமே இல்லையாடி? உன் இடத்தைத் தின்னவனுக்கே பாடம் சொல்லித் தரப் போறியா?"

"ரோஷம் இருக்கும்மா," என்றாள் கார்னெட். "அந்தப் புத்தகத்தையெல்லாம் நான் வேற எங்க போய்ப் பாப்பேன்?"