கூண்டின் மேல் போட்ட துணி

...மணியைத் தொங்கவிடுவதா, ஏணியை இடம் மாற்றி வைப்பதா, இல்லை இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவதா, என்று யோசித்தபடியே அவன் கூண்டின் அடித்தட்டை இழுத்தான், விரித்திருந்த செய்தித்தாள் எச்சத்தில் ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது, மீதியைச் சுரண்டவேண்டியிருந்தது, ராத்திரி முழுக்க பார்சல் குடோனில் பெட்டி தூக்கிவிட்டு வந்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை, ஆனாலும் எரிச்சலாக இருந்தது, சாயங்காலம் தங்கச்சி வருகிறாள், வந்தால் முதலில் கூண்டைத்தான் பார்ப்பாள், அண்ணன் முகத்தை அப்புறம்தான். போனிலேயே சொல்லிவிட்டாள், "அண்ணா, மேனேஜர் இன்னும் உம்முன்னுதான் இருக்காரா? அப்படின்னா நானே எடுத்துட்டுப் போயிடறேன், உனக்கும் ஒரு வேலை மிச்சம்." மேனேஜர் என்பது இந்த நீல பட்ஜிக் கிளி, அவள் வைத்த பேர், ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் கேள்வி கேட்கிறதாம். கல்யாணமாகிப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போனாள், அண்ணனுக்குத் துணையாம். இப்போது வேலை மிச்சமாம்... இந்த ஒரு வேலையும் போய்விட்டால், காலையில் வந்து பூட்டைத் திறக்க என்ன இருக்கிறது?

குச்சிகளைக் கழற்றி வெந்நீரில் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தான், சோப்பு கூடாது, அவள் சொல்லிக்கொடுத்தது. தீனிக் கிண்ணம் நிறைந்திருக்கிற மாதிரிதான் இருந்தது, ஊதினான், அத்தனையும் உமி, உமியாகப் பறந்து அவன் கண்ணிலேயே விழுந்தது. ஆரம்பத்தில் இதில்தான் ஏமாந்தான், கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டான், வாயைத் திறந்து கேட்டதா என்ன, கேட்காது, இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஊஞ்சல், மரமணிச் சரம், ஏணி, வாங்கிப் போட்டதெல்லாம் கடையில் தொங்கியது போலவே புதுசாக இருக்கின்றன, ஒரு கொத்துக்கூட இல்லை. போன வருஷம் ஒரு பொத்தானைப் போட்டால் போதும், அதை இழுத்துக்கொண்டு கூண்டையே இரண்டாக்கும். அதனால்தான் நேற்று கண்ணாடி வாங்கலாம் என்று போனான், கடைக்காரர் தரவில்லை. "கண்ணாடி வேணாம்ப்பா, உள்ள இருக்கறத பொண்டாட்டின்னு நெனச்சுக்கும், தின்னத கக்கி அதுக்கே ஊட்டும், அப்புறம் உன்ன எவன்டான்னு பாக்கும்." பாக்கட்டும், சத்தமாவது போடும்ல, என்றான் அவன். "சத்தமே போடலயா? ஒழுங்கா தூங்குதா?" நல்லா தூங்குது, பகல்ல நான் படுக்கும்போது கறுப்புத் துணி போட்டு மூடிடுவேன், ராத்திரி வேலைக்குப் போகும்போது லைட்டப் போட்டுட்டுப் போவேன், இருட்டுல தனியா பயந்துக்கக் கூடாதுல்ல... "ஏன்யா, நீ நைட் ஷிப்ட் பாக்கறது பத்தாதுன்னு அதுக்கும் வேலை போட்டுக் குடுத்துட்டியா?" சிரித்தார், அவனும் கூடவே சிரித்தான், ஒரு மணியை வாங்கிக்கொண்டு வந்தான், ஆனால் அந்தப் பேச்சு ராத்திரி முழுக்க பெட்டிக்குப் பெட்டி கூடவே வந்தது. நல்லதென்று நினைத்துத்தானே செய்தான்.

சரி, மணி. மேல் குச்சிக்குப் பக்கத்தில் மாட்டினான். புதுத் தாள் விரித்தான். துணியை எடுத்தவன் கூண்டில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் படுத்தான், வெயில் நேராகக் கண்ணில் குத்தியது, எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள், கீழே ஒரு வண்டி உதைத்து உதைத்துக் கிளம்பாமல் நின்றது, இந்த நேரத்தில் உலகத்தில் இவ்வளவு நடக்கிறதா... மேனேஜர் சிறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்புறம் எப்போது கண் செருகியதோ, டிங் என்றது. மறுபடி டிங். விழித்துப் பார்த்தால் அது மணியின் நாக்கை அலகில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, பிறகு கரகரவென்று ஏதோ முனகி, வார்த்தை தேடுகிற மாதிரி இழுத்து, சொன்னது, "சாத்திக்கோ." தங்கச்சியின் குரல், அச்சு அசல். அவள் இங்கே இருந்தபோது அவன் உள்ளே நுழைகிற நேரம்தான் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம், வாசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தாண்டுவார்கள், கதவைச் சாத்திக்கோ அண்ணா, அவ்வளவுதான், எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அதுதான், அதைத்தான் இதுவும் கற்றுவைத்திருக்கிறது. "சாத்திக்கோ, சாத்திக்கோ..." நிறுத்துகிற வழியாக இல்லை.

எழுந்து உட்கார்ந்தான். பேசிவிட்டது, இனி அவள் எடுத்துப் போகமாட்டாள், சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினால் போதும். சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் இதை மூடாமல் இப்படியே விட்டால் அவன் தூங்குகிற பகலெல்லாம் இது பேசும், அவன் கிளம்புகிற இருட்டில் இது தூங்கும், வாசலில் இடித்துக்கொள்கிற நேரம்தான் மிச்சம். அங்கே அவள் வீட்டில் பகலெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். துணி தோளிலேயே கிடந்தது, அவனுடைய வியர்வையும் உமியும் கலந்த வாசனை அதில். இத்தனை நாள் இது தூங்கட்டும் என்றா மூடினான், இல்லை, தான் முழிக்கும்வரை இதுவும் முழிக்கக் கூடாது என்றா? மேனேஜர் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தது, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. டிங்.