சுவரொட்டியில் சுப்புத்தாய்

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. படம் எடுப்பவர் என் வீட்டுக்காரர் மைதீன் பாட்சா. எடுத்த படத்தைச் சரிசெய்வது நான். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஜன்னலோரம் சாய்வாக ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வர, முகங்களைத் திருத்துவேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். பிளேடு முனையால் சுரண்டிய இடம் கறுக்கும். இவ்வளவுதான் வித்தை. கல்யாணப் பெண்ணுக்குப் பரு போகும், அம்மைத் தழும்பு போகும். அந்தக் காலத்தில் இந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை வீடுகளுக்குப் போன படங்களில் முக்கால்வாசிக் கன்னங்கள் நான் போட்டவை. மஹ்பூபா என்று ஒருத்தி இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் சுப்புத்தாய் இருந்தாள். தறிப் பட்டறையில், நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுகிற வேலை. அவள் புருஷன் சண்முகையா தறி ஓட்டினார். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். அவள் சிரித்தால் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

எழுபத்தேழாம் வருஷம். ஜூனில் சட்டசபைத் தேர்தல். அதற்கு முந்தின மாதம் என் வீட்டுக்காரர் புதிதாக ஒரு லென்ஸ் வாங்கினார். அதைப் போட்டுப் பார்க்கிற ஆசையில் காலையிலேயே தெருக் குழாயடிக்குப் போய்விட்டார். "எங்களையும் புடிங்க அண்ணாச்சி" என்று ஏழு பெண்கள் நின்றார்கள். குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்தவளின் குடம் வழிகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுப்புத்தாய் மட்டும் வானத்தைப் பார்க்கிறாள்.

ஏன் பார்த்தாள் என்பதை அன்றைக்கே என்னிடம் சொன்னாள்.

"சிவகிரிப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்துது மதினி. தெருவுல கஞ்சி போட்ட பாவு நூல் காயுது. நனைஞ்சா ஒரு நாள் வேலை போச்சு. மழை வந்துரக் கூடாதேன்னு பாத்தேன். அந்த நேரம் பாத்து அண்ணாச்சி அமுக்கிட்டாரு."

அந்தப் படத்தைக் கடை ஷோகேஸில் மாட்டினோம். நாலாம் நாள் இசக்கிப்பாண்டி உள்ளே வந்தார். ஒரு கட்சிக்கு இந்த ஊரில் சுவரொட்டி வேலையெல்லாம் அவர்தான் பார்த்தார். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். ஆனால் கண் கூர்மை. படத்தைக் கழற்றச் சொல்லி மேஜைமேல் வைத்தார். தன் பெரிய உள்ளங்கையால் மற்ற ஆறு பெண்களையும் குழாயையும் மூடினார்.

"இப்பம் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். அதே சுப்புத்தாய்தான். ஆனால் இப்போது அவளுக்கு யாருமே இல்லை. ஒரு பெண், ஒரு காலிக் குடம், மேலே வானம்.

"கூட்டமா இருந்தா அது குழாயடி. ஒத்தையா நின்னா பஞ்சம்" என்றார் இசக்கிப்பாண்டி. "சனங்க நின்னு வாசிக்க மாட்டாங்க அண்ணாச்சி. பஸ்ஸுல போற போக்குல பாப்பாங்க. பாத்த ஒடனே நெஞ்சுல குத்தணும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணுக்குக் கீழே கறுப்பு வேண்டும். கன்னம் ஒட்டியிருக்க வேண்டும். தலையில் இருக்கிற பூ கூடாது. மேகம் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது.

"சுப்புத்தாய்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"படம் வந்தா சந்தோசப்படத்தானே செய்வா" என்றார் அவர்.

நானாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளை மட்டும் பெரிதாக்கிய பிரிண்டிலிருந்து என் வீட்டுக்காரர் இன்னொரு பெரிய நெகட்டிவ் எடுத்துத் தந்தார். பிளேடைக் கையில் எடுத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முகங்களில் எதையாவது அழித்துக்கொண்டே இருந்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு முகத்தில் துன்பத்தை உண்டாக்கினேன். பூவை எடுத்தேன். கண்ணுக்குக் கீழே குழி வைத்தேன். மேகத்தை அழித்தேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த இரண்டு நாளும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சோறு ஆறிப்போவதுகூடத் தெரியவில்லை.

சிவகாசியில் அச்சாகி வந்தது சுவரொட்டி. கறுப்பும் சிவப்பும். "இந்தக் குடம் நிறைய உங்கள் ஓட்டு" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சின்னம். ஒரே நாளில் பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், கோயில் தெரு, எங்கே பார்த்தாலும் சுப்புத்தாய். ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் கடை எதிர்ச் சுவரின் முன்னால் கூடைக்காரப் பெண் ஒருத்தி நின்று, "யாரு பெத்த புள்ளையோ, பாவி மக்கா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதே நேரம் நிஜமான சுப்புத்தாய், தலைநிறைய பிச்சிப்பூவோடு, அவளுக்குப் பின்னால்தான் பட்டறைக்கு நடந்துபோனாள். கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை.

தெருக்காரர்களுக்குத் தெரியாமல் போகுமா? பட்டறையில் சண்முகையாவை, "என்ன வே, பொண்டாட்டிக்குக் கஞ்சிகூட ஊத்த மாட்டீரோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பட்டறைச் சுவரில் இருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம்.

மறுநாள் சுப்புத்தாய் நேராக என் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, அது நீங்க செஞ்சதுதானே?"

தலையாட்டினேன்.

"எத்தனை பேருக்குப் பருவை அழிச்சுக் குடுத்திருக்கீய. என் மூஞ்சியில மட்டும் ஏன் பள்ளம் தோண்டுனிய?"

"இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கேட்டாரு சுப்பு..."

"அவரு உங்ககிட்டக் கேட்டாரு. எங்கிட்ட யாரு கேட்டா?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுந்து போனவள் ஐந்து நாள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. அந்த ஐந்து நாளும் கடைக்கு வந்த படங்களில் என்னால் ஒரு கோடு இழுக்க முடியவில்லை.

ஆறாம் நாள், மத்தியான வெயிலில், தலையில் மூட்டையும் கையில் இரண்டு கோழியுமாக ஒருவர் கடைமுன் வந்து நின்றார். வீட்டுக்காரர் வெளியே போயிருந்ததால் நான்தான் எட்டிப் பார்த்தேன். மேலநீலிதநல்லூர்க்காரர். பெயர் தங்கப்பழம். இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். அவருடைய கிணற்றடி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டி. பதனமாக உரித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"இந்தப் புள்ள வீடு இங்கன எதும்மா? வீடு மாறிட்டாளாம். நான் அவ கூடப் பொறந்தவன்."

எனக்கு விஷயம் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் சுப்புத்தாய் மகள் காதுகுத்துக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்தில் நடந்த தவறு. சொல்லிப் பார்த்தும் அண்ணன் கேட்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானே அவரைக் கூட்டிப்போனேன். சுப்புத்தாய் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற மணம் தெருவரைக்கும் வந்தது. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தங்கப்பழம் மூட்டையை இறக்கினார். அத்தனையும் கம்பு. "என்னட்டி இப்படிக் கெடந்திருக்க? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

வடிக்கிற பானை நிறையச் சோறு. அடுப்பில் குழம்பு. எதுவும் அவர் கண்ணில் படவில்லை. படத்தில் பார்த்த தங்கச்சியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்புத்தாய் அவர் கையில் இருந்த சுவரொட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நானே சொல்லிவிடலாம் என்றுகூட வாயெடுத்தேன். அவள் லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

"இப்பந்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சொன்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. ஐந்து வருஷத்து அழுகை அது. அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து துண்டில் முகத்தை மூடிக்கொண்டார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில், பள்ளிவாசலில் கொடுத்து அறுத்த கோழிக் குழம்போடு சுப்புத்தாய் வந்தாள். "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க மதினி" என்றாள்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். அதே பெண், நிறைகுடத்தோடு சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். என் வீட்டுக்காரர் திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "அவகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினேன்.

சுப்புத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். பல நாள் கழித்து அந்தப் பழைய சிரிப்பு.

"வேண்டவே வேண்டாம் மதினி. எங்கண்ணன் இப்பந்தான் அழுதுட்டுப் போயிருக்கான். நான் பல்லக் காட்டிக்கிட்டு அவன் மோட்டார் ரூம் சுவத்துல போய் நின்னா அவன் என்ன நெனப்பான்?"

வந்தவரிடம் அப்படியே சொல்லி அனுப்பினோம்.

ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள். எங்கள் தெருக் குழாயில் எப்போதும் வருகிற அளவுதான் தண்ணீர் வந்தது. மேற்கேயிருந்து சாரல் வந்தபோது சுவரொட்டிகள் ஊறி உரிந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்துபோயிற்று. இசக்கிப்பாண்டி இரண்டு மூன்று தரம் வேறு முகங்களைக் கொண்டுவந்தார். "படத்துல இருக்கிறவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தே கேட்பேன். சிலவற்றைச் செய்துகொடுத்தேன், சிலவற்றைத் திருப்பி அனுப்பினேன்.

தங்கப்பழம் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மூட்டையோடு வந்தார். எண்பத்தைந்தில் சுப்புத்தாய் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எல்லோருக்கும் முதலில், பெரிய எழுத்தில் இருந்தது. பந்தியில் இலைமுன் உட்கார்ந்துகொண்டு அவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வருசம் இவ பட்ட பாடு கொஞ்சமில்ல வே. ஒட்டி உலந்து, காலிக் குடத்த வச்சுக்கிட்டு நிக்கா. என் கண்ணால பாத்தேன். நான் மட்டும் போகலைன்னா இவ குடும்பம் என்ன ஆயிருக்கும்?"

சுப்புத்தாய் சாம்பார் வாளியோடு அங்கேதான் நின்றாள். "ஆமாண்ணே, நீ வந்ததாலதான் பொழைச்சேன்" என்று சொல்லி, அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.