இன்னொரு தடவை

சர்க்கரையை எடை போட்டுக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "என்னக்கா, பாப்பா கடையைச் சாத்திட்டாளாமே?"

"எந்தக் கடையை?" என்றாள் அம்மா.

அவர் தன் போனை எடுத்து நீட்டினார். ஊர் பூராவும் பார்த்து முடித்த பிறகு, பெற்றவளுக்குக் கடைசியாக, அதுவும் சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி விஷயம் தெரிந்தது. 'சிட்டு வீடு' என்ற வீடியோ பக்கத்தில் இத்தனை வருஷமாகப் போட்டிருந்த வீடியோக்களில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது. 'இனி வரமாட்டேன். இவ்வளவு நாள் பார்த்தவர்களுக்கு நன்றி.' அதற்குக் கீழே ஜனங்கள் ஆளுக்கொன்றாக எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சர்க்கரையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மகள் சிட்டு வீட்டில் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் போன மாதம் சொன்னபோது, அடுத்த வீடியோவுக்கு நல்ல விஷயம் பிடித்துவிட்டாள் என்றுதான் அம்மா நினைத்தாள். கடைக்குள் வெளிச்சம் எப்படி இருக்கும் என்றுகூட விசாரித்தாள். அப்போது மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

சிட்டுவுக்கு முன்பல் விழுந்த நாளில் தொடங்கிய பிழைப்பு இது. பல் விழுந்ததும் குழந்தை அழுதது. அம்மா போனைத் தேடி எடுப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. "இன்னொரு தடவை அழு கண்ணு" என்றாள். குழந்தையும் அழுதது. முன்னைவிட நன்றாகவே அழுதது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே இரண்டு தடவைதான். பரிசுப் பெட்டியைப் பிரித்தால், முகத்தில் நிழல் விழுந்துவிட்டது என்று மறுபடி ஒட்டிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வாள். பரீட்சை முடிவு வந்தால் ஒரு தடவை வரும், பிறகு ஜன்னலோரமாக இன்னொரு தடவை வரும். "முதல் தடவை நமக்கு, ரெண்டாவது ஊருக்கு" என்று அப்பா கிண்டலடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அவரும் உட்காருவார்.

அம்மாவைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. ஒருவரும் சொல்லித்தரவில்லை, தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். வெயிலைப் பூப்போல இறக்கி முகத்தில் விழவைக்க ஒரு பெரிய வெள்ளைக் குடை வாங்கி வைத்திருந்தாள். அதை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தால் மகளின் கண் மின்னும் என்று அவளுக்குத் தெரியும். சிட்டு என்ன அழகு, சிட்டு என்ன அழகு என்று உலகமே எழுதியது. குடை பிடித்தவளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அதனால் என்ன, அவளுக்குத் தெரியுமே. இன்றைக்குக் காலையில் துடைத்து எறியப்பட்டது மகளின் முகம் மட்டும் அல்ல, தன் கைவேலையும்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

காரணம் சொல்லாமல் போனால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அவர்களே ஆளுக்கொரு காரணம் தயார் செய்தார்கள். பெண் ஓடிப்போய்விட்டது என்றார்கள். ஓடிப்போகவில்லை, மாப்பிள்ளை வீட்டில் வீடியோ கூடாது என்றுவிட்டார்கள் என்றார்கள். தோல் வியாதி, முகமெல்லாம் கொப்புளம் என்று ஒருத்தர் நேரில் பார்த்த மாதிரியே எழுதினார். 'நாங்க பாத்துப் பாத்து வளத்துவிட்ட பொண்ணு, திமிரைப் பாரு' என்று ஒரு கூட்டம். 'பொண்ணை வச்சுப் பொழச்ச அம்மாக்காரி இனி என்ன செய்வா?' என்று இன்னொரு கூட்டம். சிட்டுவைப் புகழ்ந்து எழுதியவர்களும் இருந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை எழுதிவிட்டு, அதோடு தங்கள் முகத்தையும் ஒரு படம் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

பெரும்பாலானவர்கள் நம்பவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்று அடித்துச் சொன்னார்கள். அதற்கு அம்மாவேதான் காரணம். முன்பு ஒரு தடவை வீடு மாறியபோது, சிட்டு கண்ணீரோடு கையாட்டும் படத்தைப் போட்டு 'விடைபெறுகிறோம்' என்று தலைப்பு வைத்தவள் அவள். பழைய வீட்டின் சமையலறையிடம்தான் விடைபெறுகிறார்கள் என்பது கடைசியில்தான் தெரிந்தது. அன்றைக்கு அதைப் பார்க்க வந்த கூட்டத்தை நினைத்து அவள் பூரித்துப்போயிருந்தாள். இன்றைக்கு மகள் நிஜமாகவே போகிறாள், நம்ப ஆளில்லை.

சாயங்காலம் சிட்டு வந்து செருப்பைக் கழற்றினாள். விரல் நுனியெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொல்லியிருந்தா அதையும் நீ வீடியோ எடுத்திருப்பேம்மா."

அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதான் என்பதால் இன்னும் கோபம் வந்தது. "ஊரே என்னைக் காறித் துப்புது. காரணமாவது சொல்லேன்டி. ஊருக்கு வேண்டாம், எனக்குச் சொல்லு."

சிட்டு கை கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள். "போன தடவை அண்ணன் வந்தப்போ, ரயில்லேருந்து இறங்கினவனைத் திருப்பி ஏத்தி, இன்னொரு தடவை இறங்க வச்சியே, ஞாபகம் இருக்கா? நானும் இன்னொரு தடவை ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சேன்."

"ஆமா. முதல் தடவை உன் முகமே தெரியல."

"ரெண்டாவது தடவைதான் நல்லா இருந்துச்சு."

"ஆமா, எல்லாரும் பாத்து அழுதாங்களே!"

"நெஜமாவே நல்லா இருந்துச்சும்மா. எனக்கே. அதான்."

"அதான்னா?"

"அதான்" என்று சொல்லிவிட்டுச் சிட்டு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நன்றாக இருந்ததில் என்ன குற்றம் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். எப்போதோ ஒரு வீடியோவில், சிட்டுவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் அம்மாவின் பிம்பம் விழுந்ததைப் பார்த்திருக்கிறாளாம். திட்டப்போகிறாள் என்று அம்மா பதில் திட்டைத் தயாராக வைத்திருந்தாள். அவள் திட்டவில்லை. மடியில் படுத்திருந்த ஒல்லிக் குழந்தையைக் காட்டினாள்.

"சிட்டக்காவைக் காட்டினாத்தாங்க இவ சாப்பிட வாயைத் திறப்பா. இப்ப தட்டைத் தள்ளி விடுறா. உங்க பொண்ணைக் குறை சொல்லல. ஆனா நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "வருவாம்மா, வருவா" என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அது வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் பெரிய மகன் ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறான். அதை மட்டும் எடுத்தால் என்ன? சிட்டுவின் முகத்தைக் காட்டவே வேண்டாம், முதுகு போதும். ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை. மனசுக்குச் சமாதானம் சொல்வதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளைக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சிட்டு குடையைப் பார்த்தாள், அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சும்மா கூடவே நடந்து வந்ததுதான் அம்மாவை என்னவோ செய்தது.

ரயில் நிலையத்தில் ஆட்கள் சிட்டுவைப் பார்த்து ஒருவர் தோளை ஒருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். ரயில் வந்து நின்றது. பெரியவன் தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டியோடு இறங்கினான். சிட்டு ஓடினாள். கட்டிப்பிடித்தது கொஞ்சமும் சரியாக வரவில்லை. பையின் வார் நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் நெற்றி அவன் தாடையில் இடித்தது. அவன் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. பெட்டி அவன் காலிலேயே விழுந்ததும், "ஐயோ, எருமை!" என்று கத்தினான். அம்மாவின் கை அதற்குள் பைக்குள் போய்ப் போனைப் பிடித்திருந்தது. நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கூப்பிடாமலே வந்துவிடும்.

"பாப்பா, இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க! படத்துல சரியா விழல!"

சொன்னது அம்மா இல்லை. பக்கத்தில் போனை உயர்த்திப் பிடித்திருந்த, முன்பின் தெரியாத ஓர் ஆள். நல்ல சட்டை போட்டவன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "இறங்கி வர்றதுலேர்ந்து எடுத்துக்கலாம் சார், நீங்க ஏறிடுங்க."

சிட்டு திரும்பினாள். அவள் அந்த ஆளைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். ஒரு கணம் அவள் உடம்பு அண்ணனை விட்டு விலகி, ஓடிவந்த இடத்துக்கே திரும்பிப் போகத் தயாராகிவிட்டது. சொன்னால் செய்துவிடுவாள். நன்றாகவும் செய்துவிடுவாள். 'அதான்' என்று மகள் சொன்னது என்ன என்று அம்மாவுக்கு அப்போது புரிந்தது. இரண்டாவது தடவை நன்றாக இருக்க இருக்க, முதல் தடவை அவளுக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மடியில் படுத்திருந்த அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. பாவம்தான். அதற்காக அழலாம், அதன் அம்மாவிடம் போய் மன்னிப்புக்கூடக் கேட்கலாம். அம்மா போனை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். கக்கத்தில் இருந்த குடையை உருவி, அந்த ஆளின் முகத்துக்கு நேராகப் படக்கென்று விரித்தாள்.

"அக்கா, குடையைக் கொஞ்சம் எடுங்க. மறைக்குது."

"மறைக்கத்தான் விரிச்சிருக்கேன்."

"ஏங்க, நாங்கல்லாம் உங்க ரசிகருங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்."

"தெரியும். சொல்லமாட்டேன்." தன் குரலின் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. "எழுதிக்க. அம்மாக்காரிக்கும் திமிருன்னு எழுதிக்க."

அவன் இடது பக்கம் நகர்ந்தான். குடையும் நகர்ந்தது. வலது பக்கம் எட்டினான். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? இன்னும் இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன. வெயில் வெள்ளைத் துணியில் பட்டு அவர்கள் கண்ணிலேயே அடித்தது, அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

முதுகுக்குப் பின்னால், வளைந்துபோன கண்ணாடிக் கம்பியைச் சிட்டு நிமிர்த்துவது போலிருந்தது. "தலையை ஆட்டாம நில்லுடா" என்ற அதட்டல் கேட்டது. பெரியவன் என்னவோ முணுமுணுத்தான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, எப்படிச் சிரிக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குடைக் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.