தெற்குப் பக்கம்

தாழ்வான டிரெய்லரில் படுத்துக்கிடந்த, மரம்போல் ஓங்கி வளர்ந்த சவாரோ கள்ளியின் மேல் ஒரே புழுதி. டெல்ஃபினாவுக்கு மனசு பொறுக்கவில்லை. அதைத் தோண்டியெடுத்த ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஈரத்துணியை எடுத்து, முள்ளுக்கு முள் விலகி, தலையிலிருந்து அடிவரை துடைத்துவிட்டாள். முடித்த பிறகுதான், அவர்களின் மேஸ்திரி ரூபன் தெற்குப் பக்கத்துக்கு அடையாளமாகப் போட்டிருந்த சாக்பீஸ் கோடும் துணியோடு வந்துவிட்டது தெரிந்தது.

எண்பது வருஷம் அரிசோனா வெயிலில் காய்ப்பேறிய பக்கம் அது. மறுபடி நடும்போதும் அதுதான் தெற்கே பார்க்க வேண்டும். மாறிவிட்டால் நிழலில் வளர்ந்த இளந்தோல் வெந்து, கள்ளி மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

இத்தனை நாளும் கள்ளி வீட்டு வாசலை அடைத்து நின்றது. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட அவள் கணவன் எமெட்டுக்குச் சரிவுப் பாதை போட வேறு இடமில்லை. சொந்த நிலம்தான். ஆனாலும் அங்கே சட்டம் காக்கும் செடி அது; வேளாண் துறைக்கு மனுப்போட்டு, நம்பர் அட்டை வந்து அதைச் செடியில் கட்டும்வரை அசைக்கக் கூடாது. மனுவில் கையெழுத்துப் போடவே எமெட் மூன்று வாரம் முரண்டு பிடித்தான். "அது செத்துடுச்சுன்னா அந்தப் பாதையில நான் இறங்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றுதான் போட்டான். வீம்புக்காரன், சொன்னால் செய்வான்.

ரூபன் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "படுக்கவைக்கும்போது உருண்டுடுச்சுக்கா. எனக்கும் சரியாத் தெரியல."

அவள் எமெட்டிடம் போய் மறைக்காமல் சொன்னாள். அழுகை வந்துவிட்டது. அவன் திட்டவில்லை. ஆட்கள் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி, மூன்று படி இறக்கிவிட்டார்கள். எமெட் கள்ளியின் முள்வரிசைகளுக்கு நடுவே விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இதுதான் தெற்கு."

"நிச்சயமாத் தெரியுமா?" என்றாள் டெல்ஃபினா.

"முப்பது வருஷமா பாத்துட்டிருக்கேன், தெரியாதா? எல்லாத்தையும் துடைச்சு வைக்கிற மகராசிக்கு வேணா தெரியாம இருக்கலாம்."

ரூபன் சிரித்தான். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

கள்ளியை வேலிப் பக்கம் நட்டுவிட்டு ஆட்கள் கிளம்பிப் போனார்கள். டெல்ஃபினா ஏணி போட்டு, கட்டில் விரிப்பைக் கள்ளியின் தெற்குப் பக்கம் வெயில் படாமல் கட்டத் தொடங்கினாள். காய்ப்பேறிய பக்கத்துக்கு நிழல் எதற்கு என்று எமெட் கேட்பான் என நினைத்தாள். கேட்கவில்லை. காற்றில் விரிப்பின் கீழ்முனை விடுபட்டுப் பறந்தது. அவன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, அதை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான்.