முரசும் மூன்று இலக்கமும்

நான்கரைக்குத் தைனான் கால்வாயில் டிராகன் படகுப் பயிற்சி. ஐந்து நிமிடம் தாமதித்தால், துடுப்புகளுக்குத் தாளம் கொடுக்கும் முரசு அணித்தோழி சூஹானுக்குத்தான் என்று கோச் ஹுவாங் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த முரசுக்காக பெய்யூ இரண்டு வருடம் துடுப்புப் போட்டு உள்ளங்கை காய்த்துப்போனவள். மணியோ நாலேகால். டீச்சரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வகத்தை விட்டு நகர முடியாது. அவளோ ஒரு கல்லோடு மாரடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லின் நிறை 68.0 கிராம், கனஅளவு 29.0 மில்லிலிட்டர். வகுத்தால் அடர்த்தி. கால்குலேட்டர் காட்டியதை அப்படியே எழுதி நீட்டினாள்: 2.344827586.

லியாவ் டீச்சர் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். "உன் தராசு இவ்ளோ வாய் பேசுமா? அளந்தது மூணு இலக்கம், விடையும் மூணு இலக்கம். அளக்காததை எழுதாதே, அளந்ததை விடாதே!"

"குடு, நான் முடிக்கிறேன்" என்று கூட்டாளி ஜிங்வென் பேனாவைப் பிடுங்கினாள். பின்னாலிருந்து படிப்படியாக முழுமையாக்கிக்கொண்டே வந்தாள்: 2.34483, 2.3448, 2.345, 2.35.

இரண்டாவது சிவப்புக் கோடு.

"அடிப்பாவி, உன்னால என் முரசு போச்சு!"

"நாலு தடவை ரவுண்டு பண்ணேன்டி, அதுக்கு ஒரு பாராட்டு கிடையாதா?"

அழ வேண்டிய நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே பெய்யூ கட்டைவிரலால் எண்ணின் வாலை மறைத்தாள். "2.34க்கு அடுத்து என்ன தெரியுது?"

"நாலு."

"அஞ்சைவிடச் சின்னது. அதுக்குப் பின்னால எந்த மகாராஜா நின்னா நமக்கென்ன? விடை 2.34!"

கையெழுத்து விழுந்த மறுகணம் பெய்யூ ஓட்டம் பிடித்தாள். கரையை அடைந்தபோது, படகின் முகப்பில் முரசை அணைத்தபடி சூஹான் உட்கார்ந்திருந்தாள். கோச் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினார். "நாலு நிமிஷம், நாப்பத்தெட்டு வினாடி லேட்டு."

"அஞ்சுன்னு வெச்சுக்கலாம் கோச்!" என்றாள் சூஹான் இனிமையாக.

"வெச்சுக்கக் கூடாது!" மூச்சிரைக்கக் கத்தினாள் பெய்யூ. "வினாடி வரைக்கும் அளந்திருக்கீங்க. அளந்ததை விடக் கூடாது!"

கோச் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கழற்ற மறந்த வெள்ளை ஆய்வக அங்கியைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"முரசை அவகிட்ட குடு, சூஹான்."

பெய்யூ ஒரே தாவலில் படகில் ஏறி முரசுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். குச்சியை ஓங்கும்போது கோச்சின் குரல் கேட்டது:

"நாளைக்கு நாலு மணி, முப்பது நிமிஷம், சைபர் வினாடி. அந்தச் சைபரும் கணக்குல உண்டு!"