அமைச்சர் கொண்டாடிய சொல்

அறிக்கை நூற்று நாற்பது பக்கம். அமைச்சர் எல்கானா படித்தது ஒரே ஒரு வரி. அதையும் அவராகத் தேடிப் படிக்கவில்லை. இயக்குநர் ஆப்னர் மஞ்சள் மையால் தீட்டிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

"லம்வாரா ஆற்றுப் பாலம் தொடர்பாக இந்த அமைச்சகம் பதினோரு ஆண்டுகளாக இடைவிடாமல் காட்டிவரும் வெலீயிட்டி வியப்புக்குரியது."

எழுதியவர் நெவில் பாஸ்கோ, மெல்போர்னிலிருந்து வந்த ஆலோசகர். உதவி கொடுக்கும் நாடு அனுப்பிவைத்த ஆள். தலைநகர் போர்ட் விலாவில் மூன்று வாரம் தங்கினார். அதில் ஒரு நாள் மலக்குலா தீவுக்குப் பறந்துபோய் ஆற்றைப் பார்த்தார். ஆறு இருந்தது, பாலம் இல்லை. திரும்பி வந்து அறிக்கை எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

பாலங்கள், படகுத்துறைகள் அமைச்சகத்தைப் பற்றி யாரும் இதுவரை 'வியப்புக்குரியது' என்று எழுதியதில்லை. அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாக ஆப்னர் எல்லோரிடமும் சொன்னார்.

அந்த வரியை நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில் எழுதிக் கொடுக்கும் வேலை லெய்சராவிடம் வந்தது. பதினாறு வருடமாக அவள்தான் அங்கே மொழிபெயர்ப்பாளர். பிரெஞ்சுக்கு என்று தனியாக ஒருவர் இருந்தார். அவர் நூமேயாவுக்கு விடுப்பில் போய் இரண்டு மாதமாகிறது. அவருடைய மேசையில் நகல் எடுக்கும் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள்.

"வெலீயிட்டிக்கு நம்ம பாஷையில என்னம்மா?" என்றார் ஆப்னர்.

"கேள்விப்பட்டதில்ல சார். அகராதி பார்த்துச் சொல்றேன்."

"இதுல பார்க்க என்ன இருக்கு? வெலாசிட்டி தெரியுமில்ல, வேகம்? அதுக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி இருக்கு. வேகமும் மன உறுதியும் சேர்ந்ததுன்னு மினிஸ்டர் பார்த்த உடனே சொல்லிட்டார். அடிக்கல் விழாவுக்கு வியாழக்கிழமைக்குள்ள பேனர் அடிக்கணும்."

அவர் போனதும் லெய்சரா அலமாரியின் மேல்தட்டிலிருந்த தடித்த ஆங்கில அகராதியை இறக்கினாள். சொல் இருந்தது. 'விருப்பத்தின் மிகத் தாழ்ந்த நிலை; செயலாக மாறும் அளவுக்கு வலுவில்லாத ஆசை.' விரும்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது என்றும் போட்டிருந்தது. இடைக்காலத்துப் பாதிரிமார்கள் மனித மனத்தைக் கூறுபோட்டு ஆராய்ந்தபோது இந்தக் கூறுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

லெய்சரா தனியாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். பேனர் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

ஒருவேளை பாஸ்கோவே தவறாக எழுதியிருக்கலாம் என்று நினைத்து மெல்போர்னுக்குப் பேசினாள்.

"ஐயையோ, அதைப் போயா பார்த்தீங்க?" என்றார் பாஸ்கோ. "யாரும் பார்க்க மாட்டாங்கன்னுதானே எழுதினேன்!"

"அப்படின்னா தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"இங்க பாருங்கம்மா. எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. அடுத்த வருஷ ஒப்பந்தம்னு ஒண்ணும் இருக்கு. ரெண்டையும் ஒரே அறிக்கையில உக்கார வைக்கணும். உண்மையைச் சொல்லணும், ஆனா யாருக்கும் புரியக் கூடாது. ஒரு சாயங்காலம் பூரா தேடி அந்த வார்த்தையப் பிடிச்சேன்."

"மினிஸ்டர் அதை பேனர்ல போடப் போறார்."

"நல்ல கெட்டித் துணியில போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லெய்சரா அகராதியைத் தூக்கிக்கொண்டு ஆப்னரின் அறைக்குப் போனாள். ஆப்னர் படித்தார். இன்னொரு முறை படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த வருஷத்து அகராதி?"

"எழுபத்தொன்பது சார்."

"அதான் பார்த்தேன். அப்ப நமக்குச் சுதந்திரமே வரலையே! அர்த்தமெல்லாம் இப்ப மாறியிருக்கும்."

"சார், பாஸ்கோகிட்டயே கேட்டுட்டேன்…"

"லெய்சரா, மினிஸ்டர் நேத்து ரேடியோவுல நாலு தடவ சொல்லிட்டார். நாலு தடவ! இப்ப அது தப்புன்னு அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது? நீ சொல்றியா?"

சொல்கிறேன் என்றுதான் வாயெடுத்தாள். வரவில்லை. 'பெரிய மனசு, பெரிய வேகம்' என்று ஆப்னரே பிஸ்லாமாவில் எழுதி நீட்டினார். மொழிபெயர்ப்பு சரி என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வெளியே வந்து வேண்டாத இரண்டு காகிதங்களைக் கிழித்தாள்.

மலக்குலாவுக்குப் போகும் சின்ன விமானத்தில் அமைச்சருக்குப் பின் இருக்கை அவளுக்கு. இறங்குவதற்குள் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் தூங்கிவிட்டார். டிரக்கில் போகும்போது சொல்லலாம் என்று பார்த்தால், அவர் முன்னால் ஓட்டுநர் பக்கம், அவள் பின்னால் விருந்துக்கான பன்றியோடும் ஒலிபெருக்கியோடும். ஆற்றங்கரையில் இறங்கியபோது அவர் கழுத்தில் பூமாலை விழுந்துவிட்டது. மாலை போட்ட மனிதரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

லம்வாராவுக்கு இரண்டு கரை. தென்கரை பிரஸ்பிடேரியன் ஊர், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். வடகரை கத்தோலிக்க ஊர், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான், ஆனால் மழைக்காலத்தில் ஆறு ஏறிவிட்டால் மாப்பிள்ளைக்கு மாமியார் முகம் இரண்டு மாதத்துக்குத் தெரியாது. மருத்துவ நிலையம் தென்கரையில் இருந்தது. போன பிப்ரவரியில் வடகரைப் பெண் ஒருத்தி தெப்பத்திலேயே பிள்ளை பெற்றாள்.

அன்று நடப்பது மூன்றாவது அடிக்கல் விழா. முதல் கல்லை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது கல் வழவழப்பாக இருந்ததால் பெண்கள் துணி துவைக்க எடுத்துக்கொண்டார்கள்.

வடகரை ஆட்கள் தெப்பம் தெப்பமாக வந்து இறங்கினார்கள். முதல் தெப்பத்தில் வந்தவள் அவர்கள் பள்ளியின் தலைமையாசிரியை மதலேன். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கையில் குடை. பந்தலுக்கு மேலே கட்டியிருந்த பேனரை நிமிர்ந்து பார்த்தாள். 'பதினோரு ஆண்டு வெலீயிட்டி!' குடையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவளும் வாயைப் பொத்தினாள். சிரிப்பு வடகரை ஆட்கள் உட்கார்ந்திருந்த பாய்களில் வரிசை வரிசையாகப் பரவியது.

லெய்சராவுக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கிலீஷில் எவரும் தொடாத சொல் பிரெஞ்சில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். வீட்டுப்பாடம் செய்யாதவனை வாத்தியார் திட்டுவதே அதை வைத்துத்தான்.

அமைச்சர் பேச எழுந்தார். "எங்கள் வெலீயிட்டியைப் பற்றி வெளிநாட்டு நிபுணரே எழுதிவிட்டார்!"

வடகரை கைகொட்டிச் சிரித்தது. அமைச்சர் உற்சாகமாகிவிட்டார்.

"வேறு எந்த அமைச்சகத்திலும் இவ்வளவு வெலீயிட்டி கிடையாது! இந்த அரசு வெலீயிட்டியோடு பிறந்தது, வெலீயிட்டியோடுதான் சாகும்!"

ஒரு கிழவர் பாயில் உருண்டார். தென்கரைக்காரர்களுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னங்கடா, நாங்க மட்டும் மரம் மாதிரி உக்காந்திருக்கோம்?" என்று ஒருவன் கத்தினான். "மச்சான், எங்களுக்கும் சொல்லிட்டுச் சிரிங்க!"

"உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா மச்சான்?"

"எங்க பள்ளிக்கூடத்துல வேலை செய்யச் சொல்லித் தந்தாங்க!"

மதலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மினிஸ்டர் ஐயா, மன்னிக்கணும். எங்க பிரெஞ்சுல இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இங்கிலீஷ்ல வேறயா இருக்குமோ என்னமோ. உங்ககூட மொழிபெயர்க்கிற அம்மா வந்திருக்காங்களாமே, அவங்க சொல்லட்டும்."

"சொல்லும்மா," என்று அமைச்சரே ஒலிவாங்கியை நீட்டினார். "இவங்களுக்கு நல்லா விளக்கிச் சொல்லு."

ஆப்னர் பின்னாலிருந்து அவளுடைய உடையின் நுனியைப் பிடித்து இழுத்தார். 'பெரிய மனசு, பெரிய வேகம்' என்று நான்கு சொல் சொன்னால் போதும், சாயங்கால விமானத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். எதிரே பாய்களில் நானூறு பேர். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதினாறு வருடத்தில் அவள் எழுதிய எதையும் இத்தனை பேர் ஆசையாகக் கேட்டதில்லை.

"ஒருத்தன் காலையில எந்திரிக்கிறான்," என்று ஆரம்பித்தாள். குரல் கீச்சென்று வந்தது. "கிழங்குத் தோட்டத்துக்குப் போகணும்னு கத்திய எடுக்கிறான். எடுத்துட்டு வாசல்ல உக்காந்துர்றான். போகணும், போகணும்னு நெனக்கிறான். உண்மையாவே நெனக்கிறான், பொய் இல்ல. வெயில் ஏறுது, இறங்குது. கத்தி கையிலயே இருக்கு. அவன் அங்கயே உக்காந்திருக்கான். அந்த ஆசைக்குப் பேருதான் வெலீயிட்டி."

"அட, அது எம் புருஷன்!" என்று தென்கரையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கரை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பந்தலே குலுங்கியது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அமைச்சர் எல்கானா பேச்சுக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இந்த வார்த்தைய எனக்குக் குடுத்தது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார். ஆப்னர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் கல்லை நட்டார், ரிப்பனை வெட்டினார், தனியாகப் போய் உட்கார்ந்தார். தென்கரைத் தலைவர்தான் இலையில், கிழங்கை அரைத்துச் சுட்ட லாப்லாப்பும் பன்றிக்கறியும் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடுங்க மினிஸ்டர். ஆறிப்போகுது. கல்லு இந்தத் தடவ நல்லாவே இருக்கு."

அவர் கேலி செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று லெய்சராவுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரமே அந்தச் சொல் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் தினமும் எழுந்து, "இன்று அமைச்சரின் வெலீயிட்டி நலமா?" என்று விசாரித்தார். சந்தையில் மீன் சொல்லி வைத்துவிட்டு வாங்க வராதவர்களைக்கூடப் பெண்கள் 'வெலீயிட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். அமைச்சர் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பதினோரு வருடம் அசையாத கோப்பு ஐந்து வாரத்தில் ஏழு மேசைகளைத் தாண்டியது. இரும்பு விட்டங்கள் கப்பலில் போய் இறங்கின. ஆற்றைவிட நான்கு மீட்டர் குறைவாக இருந்தன. வேறு ஏதோ ஆற்றின் அளவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பினால் இன்னொரு பதினோரு வருடம் என்று இரண்டு கரைக்காரர்களும் பேசி, மிச்சத்தைத் தென்னை மரத்தால் கட்டி முடித்தார்கள்.

லெய்சராவை வேலையை விட்டு நீக்க ஆப்னர் மூன்று முறை கடிதம் தயாரித்தார். காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அந்தச் சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல் இருக்கும் காகிதத்தில் அமைச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அறிக்கைகளில் வரும் கடினமான சொற்களை முன்கூட்டியே ஆராய ஒரு குழு மட்டும் அமைத்தார்கள். குழுவில் அவளையும் போட்டிருக்கிறார்கள். இன்னும் கூடவில்லை.

பாஸ்கோவுக்கு அடுத்த வருட ஒப்பந்தமும் கிடைத்தது. தலைப்பு: லம்வாரா பாலம், ஒரு வெற்றிக் கதை.

ஆகஸ்டில் வேறு வேலையாக மலக்குலா போனபோது லெய்சரா பாலத்தைப் பார்க்கப் போனாள். இரும்பு முடிந்து தென்னை ஆரம்பிக்கும் இடத்தில் கால் வைத்ததும் பாலம் ஒருமுறை ஆடியது. எதிரே வடகரையிலிருந்து ஒருத்தி முதுகில் சேனைக்கிழங்குக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அந்தப் பகுதி ஒரு நேரத்தில் ஓர் ஆளைத்தான் தாங்கும்.

"அக்கா, சும்மா வேடிக்கை பார்க்கத்தானே வந்தீங்க?" என்றாள் அவள். "நான் சுமையோட வர்றேன். பின்னாடி போங்க."

லெய்சரா பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.