பீரோவில் வைத்த ஹார்ட் டிஸ்க்

அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் சோதனை அறையில் தங்கச்செல்வி பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். லாரியில் வரும் பஞ்சின் நீளத்தையும் பலத்தையும் அளக்கும் மெஷின் அவள் பொறுப்பு. அதை ஓட்டும் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. மெஷினைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புதிய கம்ப்யூட்டர் எதிலும் அந்த சாஃப்ட்வேர் ஓடாது.

இரண்டாயிரத்துப் பதினாலில், எக்ஸ்பிக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று தெரிந்தபோது, ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிபாதான் பதறினாள்.

"இனிமே இதுக்கு நோவு வந்தா மருந்து கெடையாது செல்வி. வராமப் பாத்துக்கிறதுதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆலைக்கு வந்து கடைசி அப்டேட்டை ஏற்றினார்கள். மொத்தத்தையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து பீரோவில் பூட்டினார்கள். நெட் வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். பென் டிரைவ் செருகும் இடங்களில் ஆசிபா பிளாஸ்திரி ஒட்டினாள். மறுமாதம் அவளுக்குக் கல்யாணமாகி, சவூதியில் உள்ள தம்மாமுக்குப் போய்விட்டாள்.

அதன்பின் பதினோரு வருடம் சோதனை முடிவுகள் காகிதத்தில் மட்டுமே அந்த அறையை விட்டு வெளியே போயின.

போன வைகாசியில் ஒரு காலை பிரிண்டர் படுத்துவிட்டது. வாசலில் ஆறு லோடு பஞ்சு நின்றது. மேலாளர் நவநீதகிருஷ்ணன் தன் பென் டிரைவை நீட்டினார்.

"இதுல ஏத்திக் குடும்மா. டிரைவருக சத்தம் போடுறாக."

வேண்டாம் என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனாலும் பிளாஸ்திரியை உரித்தவள் அவள்தான். பென் டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர் தெரிந்தது. முடிவுகளை அதில் போடலாம் என்று கிளிக் செய்தாள். சற்று நேரத்தில் மெஷினின் ஃபோல்டர்கள் எல்லாம் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு வெறும் ஷார்ட்கட்டுகளாக நின்றன. மெஷின் அசையவில்லை. வைரஸ் புகுந்துவிட்டது.

கம்ப்யூட்டரை அணைத்து, பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். திரை பாஸ்வேர்டு கேட்டது. நகலெடுத்த டிஸ்க்குக்கு மட்டும் ஆசிபா தனியாக வைத்த பாஸ்வேர்டு அது. நினைவில்லை.

தம்மாமுக்கு வாட்ஸப்பில் அழைத்தாள். அங்கே காலை எட்டரை.

"நானே கெடுத்துட்டேன்டி" என்றபோதே அழுகை வந்துவிட்டது.

"அழுகாத புள்ள. கெட்டுப்போன டிஸ்க்கைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"அப்பச் சரி. வேலை முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நின்னு என்ன குடிப்போம்?"

"பருத்திப்பாலு."

"எத்தன கிளாஸு?"

தங்கச்செல்வி ஆங்கில எழுத்தில் பருத்திப்பால் என்று அடித்து, பக்கத்தில் இரண்டு போட்டாள். திறந்தது.

திரை முழுக்க அவர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிபா செல்போனில் எடுத்த படம். தலையெல்லாம் பஞ்சு. செல்வி கண்ணை மூடியிருந்தாள். ஆசிபா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத எப்ப வச்ச?"

"நீ டீ வாங்கப் போயிருந்த நேரத்துல. என்னைக்காச்சும் இத மாட்டுற நெலம வந்தா, ஒத்தையில கெடந்து பயப்படக் கூடாதுன்னு வச்சேன். பதினோரு வருசமா நீ இதப் பாக்கலேல்ல? அப்ப அத்தன நாளும் மெஷின நல்லாத்தான பாத்துருக்க."

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாதிரிப் பஞ்சை வைத்து மெஷினின் அளவைச் சரிபார்த்தாள். முடிவுகளைக் கையால் எழுதிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் ஆறு லாரியும் உள்ளே போயின.

மறுநாள் எலெக்ட்ரீசியன் ஐயாத்துரையைக் கூப்பிட்டு, பென் டிரைவ் செருகும் இடங்களுக்குப் போகும் வயர்களை உள்ளேயே கழற்றச் சொன்னாள். இரண்டு பிரிண்டர் வேண்டும் என்று நவநீதகிருஷ்ணனிடம் கேட்டாள். தன் பென் டிரைவால் வந்த வினை என்பதால் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.